தொட்டிக்குப் பழைய தண்ணீர்

அண்ணன் செத்துப் பன்னிரண்டாம் நாள் அவனுடைய போன் அடித்தது. திருப்பதியில் மீன் கடை வைத்திருப்பவர். பெரிய தொட்டி தயாராகிவிட்டது, நாளைக்கு வண்டியில் ஏற்றிவிடட்டுமா என்று தெலுங்கில் கேட்டார். அண்ணன் தொட்டி சொல்லி வைத்திருந்தது எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். "பம்பிஞ்சண்டி, அனுப்புங்க" என்று வாயில் வந்துவிட்டது. ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவன் இல்லை என்பதையும் நான் சொல்லவில்லை.

அவனிடம் ஆறு தங்க மீன்கள் இருந்தன. டிவி பக்கத்தில் இரண்டடித் தொட்டி. உள்ளங்கை அளவு வளர்ந்த மீன்கள், திரும்ப இடமில்லாமல் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு திரிந்தன. புத்தூர் ரோட்டில் பைக்கில் போனவன் திரும்பாத பிறகு நான்தான் அவற்றைப் பார்த்துக்கொண்டேன். ஆறும் சாகாமல் இருந்தால் போதும் என்று மட்டும் தோன்றியது. அவன் வளர்த்ததில் உயிரோடு இருந்தது அவைதான்.

நாலடித் தொட்டி வந்து கூடத்தில் உட்கார்ந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அழுது முடித்துவிட்டு அதைப் பார்த்தார்கள். "இது இன்னாத்துக்கு இப்போ?" என்றார்கள். எனக்கும் தெரியவில்லை.

மீனை மாற்றுவது எப்படி என்று கடைக்காரர் போனில் சொல்லியிருந்தார். பழைய தண்ணீரில் பாதியைப் புதுத் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் கழுவக் கூடாது, அதில் இருக்கிற வழவழப்புதான் தண்ணீரைக் கெடாமல் வைக்கும். மீனைக் கவரில் போட்டு மிதக்கவிட்டு மெதுவாகத்தான் விட வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள். காலண்டர் தாளின் பின்னால் தப்பும் தவறுமாக எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆனால் எங்கள் அத்தை, நைனாவின் அக்கா, பாலசமுத்திரத்திலிருந்து வந்திருந்தாள். சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கக் கூடாது. குடம், டிரம் எல்லாவற்றையும் சாவு விழுந்த அன்றைக்கே கவிழ்த்திருந்தாள். மீன் தொட்டி மட்டும் தப்பியிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீடு கழுவும்போது அதன் முன்னால் வந்து நின்றாள்.

"இந்தத் தண்ணி இன்னும் இங்கயே கீதா? வூட்ட பூரா கழுவிட்டு நடுவூட்ல தீட்ட வெச்சிக்கினு கீறீங்களே!"

"அதுல மீனு கீது அத்த. பழைய தண்ணி இல்லாங்காட்டி செத்துப்பூடும்னு கடக்காரர் சொன்னாரு."

"கடக்காரனா வந்து உங்க வூட்டுக் காரியத்தப் பண்ணான்?"

"பாதி மட்டும் ஊத்திக்கிறேன் அத்த."

"பாதி தீட்டு, பாதி சுத்தமா? எந்த ஊர்லடி அப்படி கீது? தண்ணிய வெச்சிக்கினு இருந்தா அவன் போகாம இங்கயே சுத்திக்கினு இருப்பான்டி."

சுத்தட்டுமே என்று ஒரு மனசு சொன்னது. அவனைப் போகவிடாமல் நான்தான் பிடித்து வைக்கிறேனோ என்று இன்னொரு மனசு பயந்தது. கடைக்காரர் சொன்னதும் சரியாக இருந்தது, அத்தை சொன்னதும் சரியாக இருந்தது. கடைசியில் பழைய தண்ணீர் முழுவதையும் வாசல் கால்வாயில் ஊற்றினேன். பஞ்சை வெள்ளையாகும் வரை கசக்கினேன். மோட்டார் போட்டுப் புதுத் தொட்டியை நிரப்பி மீன்களை விட்டேன். வீடெல்லாம் கோமியமும் மஞ்சளும் கலந்து தெளித்துக்கொண்டு வந்த அத்தை, தொட்டிக்குள்ளும் இரண்டு கை தெளித்தாள்.

அரை மணி நேரத்தில் ஆறும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று சாய்ந்துவிட்டது.

"சாவுது அத்த!"

"புது எடம், பயந்து கீதுங்க."

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "கோமூத்ரமா? ஐயோ தல்லி!" என்று கத்தினார். அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டு வேறு தண்ணீர் நிரப்பு, காற்று சேர உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வீட்டில் சொல்லு, நீ ஓடி வா, என் தொட்டித் தண்ணீர் தருகிறேன் என்றார். தொட்டியை இறைத்து மறுபடி மோட்டார் போட்டு நிரப்பினேன். பதினாறு நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மா எழுந்து வந்து என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டாள். தொட்டியில் மொண்டு, தூக்கி, அதிலேயே ஊற்றினாள். "நீ போ" என்றாள்.

பஸ் பிடித்துத் திருப்பதி போனேன். கடையில் அவர் கேனில் டியூப் போட்டுக்கொண்டே சிரித்தார். "தங்கச்சிய பஸ்ல ஓடவுட்டு மீ அன்னய்ய எக்கட தூங்கறாடு, உங்க அண்ணன் எங்க?"

"செத்துட்டாரு. பதினாறு நாள் ஆச்சு" என்றேன். அதுவரை யாரிடமும் என் வாயால் அதைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. கேன் நிரம்பித் தரையில் வழிந்தது. அவர் டியூபை எடுக்கவில்லை. பிறகு தன் தொட்டியிலிருந்து கறுத்துப்போன ஃபில்டர் பஞ்சு ஒன்றைப் பிடுங்கி ஈரத்தோடு கவரில் போட்டுக் கொடுத்தார்.

பஸ்ஸில் கண்டக்டர் கேனைப் பார்த்து மலைக்கோயில் தீர்த்தம் என்று நினைத்துவிட்டார். "ஏமம்மா, கொண்ட தீர்த்தமா?"

"மீன் தொட்டித் தண்ணிண்ணா."

"அய்தே, அப்போ சீட்டு மேல வெக்காத, கீழ வை."

வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அம்மா இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐந்துதான் இருந்தன. அத்தை வாசற்படியில் என்னை நிறுத்தினாள்.

"அது இன்னா தண்ணிடி?"

"பழசுதான். மீன் கடத் தண்ணி." சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

"எந்த ஊரு?"

"திருப்பதி."

"அந்தக் கடயில சாவு இல்லியே?"

"இல்ல."

"அப்போ ஊத்து. நல்ல ஊரு தண்ணி." கேனின் அடியை அவளே பிடித்துக்கொண்டாள். விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் முகத்தைச் சுளித்தாள். "த்தூ, இன்னாடி இப்படி நாறுது!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அழ ஆரம்பித்தாள். சொம்பைக் கீழே வைக்கவில்லை.

ஐந்தும் பிழைத்தன. அண்ணன் ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டுகூட இப்போது தொட்டியில் இல்லை. எங்கள் போர் தண்ணீரும் யாரோ ஒருவர் கடைத் தண்ணீரும்தான். அவன் மீன்களைக் காப்பாற்றினேனா, அவனை ஊற்றிவிட்டேனா என்று எனக்குப் புரியவில்லை. ஆறாவதைக் கொன்றது அத்தையா, அவள் பேச்சைக் கேட்ட நானா என்பதும்தான்.

அத்தை ஊருக்குப் போய்விட்டாள். தினமும் போன் செய்கிறாள். அம்மா எப்படி இருக்கிறாள், நைனா வேலைக்குப் போகிறாரா, எதுவும் கேட்பதில்லை.

"அஞ்சும் கீதா?"

"இரு அத்த, பாக்கறேன்" என்கிறேன். தொட்டி பெரிது. ஒன்று செடிக்குப் பின்னால், ஒன்று பைப்புக்குக் கீழே. ஐந்தையும் தேடிக் கண்டுபிடிக்கும் வரை அவள் போனை வைக்காமல் காத்திருக்கிறாள்.