உப்புப் போடாத எலும்புத் தண்ணி

றமீஸாவுக்கு அலுத்துப் போயிருந்தது. பிலிமத்தலாவைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் அவள் அடுப்படியை விட்டு நகர்ந்ததில்லை. இந்த நோன்பு மாதத்தில் அடுப்பும் அவளை விடுவதாக இல்லை.

கணவர் மஹ்மூத் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த பிறகு எதையும் வாயில் வைக்க மறுத்தார். ஒரு மிடறு குடிப்பார், கோப்பையை நகர்த்திவிடுவார். இப்படியே போனால் மறுபடி மூக்கில் குழாய்தான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்தக் குழாயோடு அவர் பட்ட பாட்டை றமீஸா மறக்கவில்லை.

ஆகவே தினமும் இரண்டு சட்டி. ஒன்றில் அவருக்குச் சூப்: மாட்டிறைச்சியை இஞ்சி, உள்ளி, மிளகு, உப்போடு அவித்து, வடித்த கையோடு குடிக்கக் கொடுப்பது. மற்றதில் நோன்புக் கஞ்சிக்கு எலும்புத் தண்ணி. காலையில் ஏற்றினால் பின்னேரம் அஸர் தொழுகை வரை சிறு தீயில் கிடந்து வற்ற வேண்டும். வற்ற வற்ற உப்பு ஏறிவிடும் என்பதால் அதில் ஒரு கல் உப்பும் போடுவதில்லை. கஞ்சிக்கு அரிசி வெந்த பிறகுதான் உப்பு. நோன்போடு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பலாம் என்பார்கள். அவளுக்கு மனம் ஒப்பாது. எல்லாம் கைக்கணக்குத்தான்.

ருசி போதாமல்தான் அவர் குடிக்கவில்லை என்று அவளாகவே முடிவுகட்டியிருந்தாள். சூப்பில் மிளகைக் கூட்டினாள். உப்பைக் கூட்டினாள். கோப்பை அப்படியே திரும்பி வந்தது. சமைத்தவளுக்கு இதைவிட அவமானம் வேறென்ன?

அன்று விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவள் பிறகு கண்ணயரவே இல்லை. அஸர் நேரம் இரண்டையும் வடித்து, ஒரே மாதிரியான இரண்டு சில்வர் சட்டிகளில் மூடி வைத்தாள். தலை சுற்றியது. ஒன்றை எடுத்து அவருக்கு ஊற்றிக் கொடுத்தாள். மற்றதை அரிசியில் கொட்டினாள்.

திரும்பி வந்து பார்த்தால் கோப்பை காலி. கீழே ஊற்றிவிட்டாரோ என்று கட்டிலுக்கடியில் குனிந்துகூடப் பார்த்தாள். தரை காய்ந்துதான் கிடந்தது.

மஃரிப் பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்த மகள் ஷஹ்மா, முதல் கரண்டி கஞ்சியிலேயே முகம் சுளித்தாள்.

"உம்மா, கஞ்சி உப்புக் கரிக்கிது. ரெண்டு தரம் போட்டீங்களா?"

றமீஸாவுக்கு விளங்கிவிட்டது. சூப் கஞ்சிக்குள் போயிருக்கிறது. வெறும் எலும்புத் தண்ணியை அவர் குடித்திருக்கிறார். கையிலிருந்ததை வைத்துவிட்டு அறைக்குப் போனாள்.

"இன்டைக்கித் தந்ததில உப்புமில்ல, ஒன்டுமில்ல. எப்பிடிக் குடிச்சீங்க?"

"அதான் குடிக்க ஏலுமா இருந்திச்சி. வாய் பூரா புண்ணு, றமீஸா. உப்பும் மிளகும் பட்டா உயிர் போகுது."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் செல்லல்ல?"

அவர் சுவரைப் பார்த்தார். "நோன்போட நின்டு ஆக்கிற ஒங்கிட்ட அதையும் செல்லணுமா?"

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அக்கறையாய்க் கூட்டிய உப்பெல்லாம் அவர் புண்ணில்தான் விழுந்திருக்கிறது. அவளுடைய களைப்பைப் பார்த்துத்தான் மனிதர் வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

"வாயத் திறங்க, பாப்போம்." கைபேசி வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே வெந்து சிவந்திருந்தது. "விடிஞ்சதும் டொக்டர்ட்ட காட்டுவோம்" என்றாள்.

அடுப்படிக்குத் திரும்பியபோது கால்கள் கெஞ்சின. இனி நோன்பு முடிந்தாலும் அவருக்காக எலும்பு வேகத்தான் வேண்டும். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கதிரையை அடுப்பருகே இழுத்துப் போட்டாள். இத்தனை வருடத்தில் முதன்முறையாக அங்கே உட்கார்ந்து, நாளைக்கான எலும்பைக் கழுவத் தொடங்கினாள்.