என் சாம்பிள் மட்டும்

பன்றிக் காய்ச்சல் எல்லோரையும் மிரட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் ஆர்டர் பேசி முடிப்பது என் வேலை. முதலாளியோடு அமெரிக்கா போய்விட்டுத் திரும்பும்போது விமானத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. கோவையில் இறங்குவதற்குள் எனக்கும் உடம்பு சுட்டது.

இறங்குமுன் ஒரு படிவம் கொடுத்தார்கள். காய்ச்சல், இருமல் உண்டா என்று கேட்டிருந்தது. முதலாளி ஒரு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

“இதைப் போட்டுக்குங்க தம்பி. எல்லாத்துக்கும் இல்லைன்னு எழுதீருங்க. ஷிப்மென்ட் நேரத்துல மாட்டிக்கக் கூடாதுங்க.”

வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சல் ஆபத்து என்று படித்திருந்தேன். ‘ஆம்’ என்று எழுதினேன். முதலாளி, டிரைவர் கொண்டுவந்திருந்த காரில் ஏறிப் போனார். என்னை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

தனி வார்டில் ஒரு டாக்டரம்மா தொண்டைக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு சாம்பிள் எடுத்தார். அது புனே ஆய்வுக்கூடத்துக்குப் போகுமாம். கிருமியின் மரபணுவைப் படித்து, புதிதாக ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்களாம்.

“உங்ககூட வந்தவருக்குக் காய்ச்சல் இருந்துதா?”

“இல்ல டாக்டர்.”

என்னைப் பற்றி உண்மை எழுத முடிந்த எனக்கு, அவரைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

சில நாளில் முடிவு வந்தது. பன்றிக் காய்ச்சல் கிருமிதான். அதற்குள் முதலாளியின் டிரைவரையும் பக்கத்து அறையில் சேர்த்திருந்தார்கள். மனைவி போனில் அழுதாள்.

“நீங்கதான் ஊருக்குள்ள நோயக் கொண்டாந்தீங்கன்னு பேசுதாவ. வீட்டு ஓனரு என்னைய அம்மா வீட்டுக்குப் போகச் சொல்லுதாரு.”

டாக்டரம்மாவிடம் கேட்டேன்: “யாருகிட்டயிருந்து யாருக்கு வந்துச்சுன்னு அந்த மரபணுவுல தெரியுமா?”

“ரெண்டு பேரோட சாம்பிளும் இருந்தா, ஒப்பிட்டு ஓரளவு சொல்லலாம். அந்த விமானத்துல வந்தவங்கள்ல உங்க சாம்பிள் மட்டும்தானே இருக்கு?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

குணமாகிக் கம்பெனிக்குப் போனபோது என் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். “தப்பா நினைக்காதீங்க தம்பி, சனம் பயப்படுது. கொஞ்ச நாள் கழிச்சு வாங்க” என்றார் முதலாளி. கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெளியே டிரைவர் கார் துடைத்துக்கொண்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார்.

“நீங்க அன்னிக்குக் காருலயே ஏறலீங்களே. எனக்கு யாரால வந்துதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?”

“பின்ன ஏன் யாருகிட்டயும் சொல்லல?”

“நீங்க சொன்னீங்களா?”

கேட்டைத் தாண்டி நடந்தேன். முதலாளி என்னை மறுபடி கூப்பிடவே இல்லை.

குழந்தை திருநெல்வேலியில், மாமியார் வீட்டில் நல்லபடியாகப் பிறந்தது. பிறகு வேறொரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். என் பேரைப் படித்ததும் மேனேஜர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினார்.

“அந்தப் பன்றிக் காய்ச்சல் கொண்டாந்தவரு நீங்கதானுங்களா?”

“ஆமாங்க” என்றேன்.