லைட்டு போடுவதற்குள்

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாலை பழைய படம் திரையிட்டார்கள். நடுவயது ஆசிரியரை இளம்பெண் காதலிக்கும் கதை. பக்கத்து இருக்கையில் அறுபது வயது அம்மாள் ஒருவர், எந்நேரமும் எழுந்து போகப்போகிறவர்போல், கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே பார்த்தார். கடைசியில் ஆசிரியர் மனைவியிடமே திரும்பிப் போனார்.

“முடிவை மாத்திட்டாங்களா?” என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார்.

“இல்லம்மா, அப்பவே இதுதான்.”

“இருபது வயசுல என்னை ஒருத்தரு இந்தப் படத்துக்குக் கூட்டிட்டு வந்தாரு. கல்யாணமானவரு. லைட்டு போட்டா யாராவது பாத்துடுவாங்கன்னு, சரியா இந்த சீனுக்கு முன்னாடி எழுப்பிட்டாரு. கடைசில வாத்தியாரும் அந்தப் பொண்ணும் சேந்துடுவாங்கன்னு பஸ் ஸ்டாப்புல கதை சொன்னாரு.”

கைப்பை வாரை இறுக்கிப் பிடித்தார்.

“அப்ப முன்னாடியே முழுசா பாத்திருக்காரு. பொண்டாட்டிகூட. அவங்ககூடன்னா லைட்டு போட்டாலும் உக்காந்திருக்கலாமே.”

முடிவை மாற்றிவிட்டார்கள் என்று நான் சொல்லித் தொலைத்திருக்கலாம்.