வாரேன் என்று போனவர்கள்

1982 ஜனவரி 18-ஆம் தேதி வரை ஸ்யாமளாவுக்குத் தன் தமிழின் மேல் ஒரு சந்தேகமும் கிடையாது. மதுரையில் பள்ளி ஆசிரியை. வயது முப்பத்து நான்கு. மாலையில், இங்கே படிக்க வந்திருந்த ஜப்பானிய மாணவர் ஒசாமுவுக்குத் தன் வீட்டில் தமிழ்ப் பாடம் நடத்தினார். ஆறே மாதத்தில் அவரை 'ஆகவே', 'ஆயினும்' எல்லாம் போட்டுப் பேச வைத்துவிட்டார். காய்கறிக்காரர் மிரண்டுபோய் இரண்டு கத்திரிக்காய் கூடுதலாகப் போட்டதுண்டு.

ஒசாமுவுக்கு வேண்டியது வேறு. வாடிப்பட்டிப் பக்கம் நாற்பது விவசாயிகளிடம் கிணற்றுப் பாசனம் பற்றிக் கேட்டு எழுத வேண்டும். மார்ச் 31-க்குள் முடிக்காவிட்டால் பட்டம் இல்லை. ஐந்து நாள் போய்வந்தார். ஒரு பேட்டிகூட முடியவில்லை.

"ஏன்?" என்றார் ஸ்யாமளா, 18-ஆம் தேதி மாலைப் பாடத்தின்போது.

"பாதியில் எழுந்து 'வாரேன்' என்று சொல்லிப் போகிறார்கள், டீச்சர். நான் காத்திருக்கிறேன். அவர்கள் வருவதில்லை."

முந்தின நாள் பேயாண்டி என்பவரின் வீட்டு வாசலில், திறந்த பேனாவோடு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

ஸ்யாமளாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வாரேன்னா போறேன்னு அர்த்தம்!"

"எங்கள் ஊரிலும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போய் வருகிறேன்' என்றுதான் சொல்வோம். ஆனால் விடைபெறுவது பற்றிய உங்கள் ஏழாம் பாடத்தில் அது இல்லையே?"

சிரிப்பு நின்றது. தினமும் ஒசாமு "நான் போகிறேன்" என்று கும்பிட்டுக் கிளம்பும்போது தன் மாமியார் முகம் சுளிப்பதை ஸ்யாமளா பார்த்துத்தான் இருக்கிறார். இலக்கணம் சரியாக இருந்ததால் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்யாமளாவும் ஒசாமுவுடன் போனார். பேயாண்டியின் மனைவி இருளாயி வரவேற்றார்.

"வாங்க டீச்சர். ஒச்சு, நீயும் வாய்யா."

ஒசாமு அந்த ஊரில் ஏற்கெனவே ஒச்சு ஆகியிருந்தார்.

"தங்கள் கணவர் அன்று ஏன் பாதியில் சென்றார்?" என்றார் ஸ்யாமளா.

"நீங்களும் ஜப்பானா, டீச்சர்?"

இருளாயி தொடர்ந்தார்: "'தங்கள் கிணற்றின் ஆழம் யாது'ன்னு ஒச்சு கேக்குறாரு. ஏதோ கோர்ட்டு நோட்டீசுன்னு நெனச்சு இவரு வயலுக்கு ஓடிட்டாரு. 'கெணறு எம்புட்டு ஆழம்ணே'ன்னு கேளுங்க, வாய் ஓயாமச் சொல்லுவாரு."

ஒசாமு நோட்டில் எழுதிக்கொண்டார். ஸ்யாமளாவும் ஒரு தாள் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டார்.

ஒசாமு அப்படியே கேட்க, பேயாண்டி ஒன்றரை மணி நேரம் பேசினார். பக்கத்துக் கிணற்றுக்காரரைத் திட்டியதே அரை மணி நேரம்.

முதல் பேட்டி முடிந்தது. இன்னும் முப்பத்தொன்பது பாக்கி. திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் ஒசாமு தனியாகப் போகிறார்.