என் சூப்பர்நோவாவும் சீனியர் அண்ணனும்

இன்னைக்கு காலையில கறம்பக்குடி பஸ்ல ஒக்காந்து, வானத்த சர்வே பண்ற டெலஸ்கோப்போட படங்கள போன்ல பாத்துக்கிட்டு வந்தேன். ஒரு கேலக்ஸி ஓரத்துல புதுசா ஒரு புள்ளி! பழைய படத்துல அது இல்லவே இல்ல. சூப்பர்நோவாவா இருக்குமோன்னு ரெண்டு படத்தயும் மாத்தி மாத்தி பெருசாக்கிப் பாத்தேன்.

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பாத்தாங்க. "ஸ்கேனா தம்பி? வீட்டுல எத்தன மாசம்?"

"ஐயோ, நட்சத்திரம் வெடிச்சிருக்குக்கா!" ரெண்டு படத்தயும் காட்டுனேன்.

"ஆமா, இதுல இருக்கு, அதுல இல்ல. யார்ட்டயும் சொல்லிறாத."

நான்தான் ஏற்கனவே வானம் பாக்குற எங்க ஆன்லைன் குரூப்ல ஒளறிட்டேனே. சீனியர் அண்ணன் ஒருத்தரு ஒடனே இன்பாக்ஸுக்கு வந்துட்டாரு. "வானத்துல எந்த எடம்னு பொசிஷன் அனுப்புடா, செக் பண்ணி சொல்றேன்."

இத்தன நாளா என் மெசேஜுக்கு லைக் கூட போடாத ஆளு. மொதல்ல ரிப்போர்ட் பண்றவங்க பேருதான் நிக்கும். திடீர்னு என்ன பாசம்?

டவுட்டுல, ஒண்ணுமே இல்லாத வெத்து எடத்தோட பொசிஷன அனுப்பி வச்சேன்.

அஞ்சே நிமிஷத்துல பதில்: "பாத்தேன்டா. இத நான் போன வாரமே புடிச்சிட்டேன். பாவம், நீ லேட்டு."

என் புள்ளிய நானே ரிப்போர்ட் பண்ணிட்டேன். அண்ணன் புடிச்ச புள்ளி யாரு கண்ணுக்காச்சும் தெரிஞ்சா கமென்ட்ல சொல்லுங்க.