அக்காவுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது

அமெரிக்காவில் மகளோடு ஓராண்டு இருந்துவிட்டு எங்கள் ஊரான தன்னாமுனைக்குத் திரும்பிய அக்காவின் முகத்தில் ஒரு புதுத் தெம்பு இருந்தது. எங்கள் அம்மா புற்றுநோயில்தான் போனார். கண்டுபிடித்தபோது அது வயிறெல்லாம் பரவியிருந்தது. அந்தப் பயத்தைப் பற்றி நானும் அக்காவும் ஒருநாளும் பேசியதில்லை. அவளுடைய மகள்தான் அதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்து, கொஞ்ச இரத்தத்தை எடுத்துப் பலவகைப் புற்றுநோய்களை ஒன்றாகத் தேடும் பரிசோதனையைச் செய்வித்திருந்தாள். எதற்கும் அறிகுறி இல்லை என்று முடிவு வந்தது. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும் பெண்களிடமெல்லாம் அக்கா அதைச் சொல்லிச் சந்தோசப்பட்டாள்.

மூன்று நான்கு மாதம் போயிருக்கும். ஒரு காலை, கிணற்றடியில் அவள் படுக்கை விரிப்பைத் தனியாகக் கசக்கிக்கொண்டிருந்தாள். இரத்தக் கறை. மாதவிடாய் நின்று எத்தனையோ வருடமாகிவிட்ட உடம்பு. கேட்டபோது, முன்பும் இப்படிப் பட்டது, உடம்புச் சூடுதான் என்றாள்.

"எனக்கு ஒண்டுமில்ல புள்ள. ரத்தத்திலேயே பாத்தாச்சுத்தானே."

உண்மையைச் சொன்னால், அந்தப் பதில் எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. இரண்டு கிழமை நானும் அதைப் பற்றி நினைக்காமல் இருந்தேன். மறுபடியும் இரத்தம் பட்டபோதுதான் வற்புறுத்தி மட்டக்களப்புக்கு பஸ் ஏற்றினேன்.

பெண்நோய் மருத்துவர் எங்களைவிட வயதில் மிகவும் இளையவர். அக்கா முதலில் போனை நீட்டி அமெரிக்க முடிவைத்தான் காட்டினாள். அவர் அதைப் பொறுமையாக வாசித்தார். சில கட்டிகள் தம்முடைய துணுக்குகளை இரத்தத்தில் விடும், இந்தப் பரிசோதனை அவற்றைத்தான் தேடுகிறது என்று விளங்கப்படுத்தினார். ஆரம்ப நிலையில் இருக்கும் சின்னக் கட்டி அப்படி ஒன்றும் விடாமலே இருக்கலாம். இரத்தத்தில் அறிகுறி தெரிந்தாலும்கூட, ஸ்கானும் சதைப் பரிசோதனையும் செய்துதான் நோய் என்று உறுதியாகச் சொல்லலாமாம்.

"இதில காணல்ல எண்டா, இல்லவே இல்ல எண்டு அர்த்தமில்லம்மா," என்றார். "உடம்பு ஒண்டைக் காட்டினா அதைத்தான் முதல்ல பாக்கவேணும்."

அக்கா போனைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே வாவியைப் பார்த்தபடியே இருந்தாள்.

கர்ப்பப்பையிலிருந்து எடுத்த சதையில் புற்றுநோய் இருந்தது. ஆனால் கர்ப்பப்பையைத் தாண்டிப் பரவவில்லை. சத்திரசிகிச்சை செய்து அதை அகற்றினார்கள். இப்போதைக்கு வேறு மருந்து தேவையில்லை, கிளினிக்குக்கு ஒழுங்காக வந்தால் போதும் என்றார்கள்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று மகள் வீடியோ அழைப்பில் அழுதாள். தான் அந்தப் பரிசோதனையைச் செய்விக்காமல் இருந்திருந்தால் அம்மா முதல் தரமே டொக்டரிடம் போயிருப்பா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நீ செய்தது பிழையில்ல மகள்," என்றாள் அக்கா. "அதுக்குப் பிறகு நான்தான் என்ட உடம்பு சொன்னதைக் கேக்கல்ல."

அடுத்த வருடம் அங்கே போனால் அந்தப் பரிசோதனையை மறுபடி செய்வாயா என்று நான் பிறகு கேட்டேன். செய்யலாம், ஆனால் முடிவு எப்படி வந்தாலும் கிளினிக்கை விடமாட்டேன் என்றாள். பிறகு, நான் கடைசியாக எப்போது மார்பகப் பரிசோதனைக்குப் போனேன் என்று கேட்டாள். அவளுடைய அடுத்த கிளினிக் நாளைக் கேட்டு, அன்றைக்கு நானும் வருகிறேன் என்றேன்.