மாமனாரோடு பார்த்த மூன்று கடற்கரைகள்

கல்யாணமாகிப் பத்து மாதம் கழித்து, எனக்கும் என் மனைவிக்கும் ராமேஸ்வரம் தீவுக்குப் போய் நான்கு நாள் தங்க வேண்டும் என்று ஆசை வந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் நான் கிளார்க். நாங்கள் அனுப்பிய பெட்டிகளில் ஒரு வகைக்கு ஒட்டிய லேபிளில் நீலக் கடலும், அதன் பக்கம் சாய்ந்த தென்னைமரமும் இருக்கும். மனுசர் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஏழு வருடம் அதையே பார்த்துப் பார்த்து, கடற்கரை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று மனதில் பதிந்துபோயிருந்தது.

ரயில்வே பார்சல் ஆபீசில் ஒரு நண்பர் இருந்தார். பாம்பனில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர். பில் புத்தகத்தின் பின்னட்டையில் தீவை வரைந்து, மூன்று இடத்தில் புள்ளி வைத்துக் கொடுத்தார். முதல் புள்ளி கோயில் முன்னால், அலையே இல்லாத கடல். இரண்டாவது ஓலைக்குடா, தென்னந்தோப்பு. மூன்றாவது தனுஷ்கோடி, புயல் அழித்த ஊர், இரண்டு பக்கமும் கடல்.

"இதுல எது நல்லா இருக்கும்?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"தீவுன்னா சுத்திலும் கடல்தான. எங்கன எறங்குனாலும் கடற்கரைதான. இதுல என்னத்த தேர்ந்தெடுக்க?" என்றாள். ஆனாலும் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். ஓலைக்குடா என்று முடிவாயிற்று. மற்ற இரண்டும் நேரம் கிடைத்தால்.

கிளம்புவதற்கு முதல் நாள் மாமனார் வந்தார். குளத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டில் மிளகாயும் பருத்தியும் போடுகிறவர். மிளகாய் எடுத்து முடிந்திருந்தது. மகளுக்குக் குதிரைவாலி அரிசி கொண்டுவந்தவரிடம், மனைவி பேச்சுவாக்கில், "நாங்க நாளைக்கு ராமேஸ்வரம் போறோம். நீங்களும் வாங்களேன்ப்பா" என்றாள். மரியாதைக்குக் கேட்டதுதான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி" என்றார்.

"அத்த தேட மாட்டாங்களா மாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவளா? நாலு நாளு நிம்மதின்னு சாமிக்குத் தேங்கா ஒடைப்பா" என்றார்.

அவருக்குக் கடலோடு ஒரு பகை இருந்தது. அவர் தோட்டத்துக் கிணறு ஒரு காலத்தில் குடிக்கிற தண்ணீராக இருந்து, பிறகு உப்பாகிவிட்டது. ஆழப்படுத்தினால் சரியாகும் என்று மூன்று தடவை வெட்டினார். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாகக் கரித்தது. கடல்தான் மண்ணுக்கு அடியிலேயே வந்து தன் கிணற்றைக் கெடுத்துவிட்டது என்பது அவர் கட்சி. மதுரையில் மாறி ஏறிய ரயில் பாம்பன் பாலத்தில் ஊர்ந்தபோது, பெட்டியில் இருந்தவர்கள் கைகூப்பினார்கள். அவர் மட்டும் ஜன்னல் வழியாகக் கடலை முறைத்துக்கொண்டே வந்தார்.

முதல் நாள் காலை கோயில் முன்னாலிருந்த கடற்கரைக்குப் போனோம். குளிக்கிற கூட்டமும் ஈரத்துணியும் மாடுகளும்தான் தெரிந்தன. கடல் ஆடாமல் அசையாமல் கிடந்தது.

"இது கடலா மாப்ள? நம்ம கம்மாயில இதவிடப் பெரிய அலை அடிக்கும்" என்றார் மாமனார்.

சொம்பு வைத்திருந்த ஒருவர் அருகில் வந்து, முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய வேண்டுமா என்று கேட்டார்.

"எங்கப்பனுக்கு வருசா வருசம் ஊர்லயே செய்யுதேன். அவரு இந்த உப்புத் தண்ணிய வாயில வைக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு நடந்தார். இடுப்பளவு தண்ணீரில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு நாங்களும் அவர் பின்னால் ஓடினோம்.

மறுநாள் ஓலைக்குடா. தோப்பைத் தாண்டியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். லேபிளில் பார்த்த அதே நீலம். அதே சாய்ந்த தென்னை. ஆளும் இல்லை. துண்டை மரத்தடியில் விரித்து நாங்கள் உட்கார்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"எந்திரிங்க, எந்திரிங்க! மரத்துல காய் தொங்குதது தெரியலயா? ஒண்ணு தலையில விழுந்தா எம் மக தாலி என்ன ஆவுறது?"

துண்டை எடுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்தோம். அவர் அண்ணாந்து பார்த்தபடி மரத்தைச் சுற்றினார். "ஏட்டி, இங்கன பாரு. குருத்துல வண்டு தொளச்சிருக்கு. தோப்புக்காரன் என்னத்தப் பாக்கான்?" என்று மகளிடம் முறையிட்டுவிட்டு, தோப்புக்காரரைத் தேடிப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் அவரைக் கூட்டிக்கொண்டும் வந்துவிட்டார். குருத்தில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் போட வேண்டும் என்று இவரும், அதெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று என்று அவரும் விவாதித்தார்கள். இடையிடையே "மாப்ள, நீங்க படிச்சவிய, சொல்லுங்க" என்று என்னையும் இழுத்தார். தீப்பெட்டியைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வரை வெயிலில் நின்று தலையாட்டினேன். மனைவியின் மூக்கு நுனி செம்பருத்தியாகச் சிவந்துவிட்டது.

"நாளைக்கு அப்பாவ ரூம்ல விட்டுட்டுப் போவோமா?" என்று அவளே கேட்டாள். ஆனால் மறுநாள் காலை எங்களுக்கு முன்னால் அவர்தான் தயாராக நின்றார்.

தனுஷ்கோடிக்கு மீன் ஏற்றப் போகும் லாரியில் போனோம். மணலில் தடம் மாறி மாறிக் குலுக்கி, ஒரு வழியாகக் கொண்டுபோய் இறக்கிய டிரைவர், "மூணு மணிக்கு ஹாரன் அடிப்பேன். வரலைன்னா நாளைக்குத்தான் லாரி" என்றார். இடிந்த சுவர்கள், சில ஓலைக்குடிசைகள், கண் கூசும் வெள்ளை மணல். நிழல் என்று ஒன்றும் கிடையாது. தேங்காயும் விழாது.

கடலுக்குச் சிறிது தூரத்தில் ஒரு பெண் மணலில் குழி பறித்து உட்கார்ந்திருந்தார். கொட்டாங்கச்சியால் குழிக்குள்ளிருந்து தண்ணீர் கோரிக் குடத்தில் ஊற்றினார்.

"எதுக்குத்தா இந்தத் தண்ணி? பாத்திரம் கழுவவா?" என்று மாமனார் கேட்டார்.

"குடிக்க."

மாமனார் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த அம்மா கொட்டாங்கச்சியை நீட்டினார். இவர் ஒரு வாய் குடித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு வாய் குடித்தார். பிறகு எழுந்துபோய்க் கடல் தண்ணீரை விரலில் தொட்டு நக்கிப் பார்த்துத் துப்பிவிட்டு, திரும்பி வந்து மூன்றாவது வாய் குடித்தார்.

"மாப்ள, கொஞ்சங்கூடக் கரிக்கல!"

அதற்குப் பிறகு அவருக்கு நாங்கள் இருப்பதே மறந்துபோயிற்று. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையால் மணலைப் பறிக்க ஆரம்பித்தார். ஒரு குழி, பத்தடி தள்ளி இன்னொரு குழி. ஒவ்வொன்றிலும் தண்ணீரை ருசி பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். நாங்கள் இருவரும் மெல்ல நழுவினோம்.

பிறந்ததிலிருந்து கடலுக்குப் பத்து மைல் தூரத்தில் வளர்ந்தவள் என் மனைவி. கோயில் முன்னால் முங்கியது ஆடாத தண்ணீர்; அலையில் கால் வைத்தது அன்றைக்குத்தான். பொம்பளப் பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை என்று யாரும் கூட்டிப்போனதில்லை.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்றாள்.

"கிணத்துல தெரியும்."

"அப்ப இங்கன தெரியாது" என்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அடுத்த அலை இரண்டு பேரையும் சேர்த்து உருட்டிவிட்டது. உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, இருமிக்கொண்டே அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கொண்டை அவிழ்ந்து, சேலையெல்லாம் மணலாகி, எழுந்து மறுபடியும் அலைக்குள்ளேயே போனாள்.

ஹாரன் கேட்டு ஓடி வந்தபோது, அந்த அம்மா மாமனாரைத் திட்டிக்கொண்டிருந்தார். கரை நெடுகப் பதினோரு குழி. கடைசிக் குழியில் அவர் தோள்வரை கையை விட்டுத் தோண்டியிருந்தார்.

"இம்புட்டு ஆழம் போனா உப்புத்தான் வரும் ஐயா. நல்ல தண்ணி மேலாக்கதான் நிக்கும். அடியில இருக்குறது கடலு."

மாமனார் ஈர மணல் அப்பிய கையோடு அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஹாரன் இன்னொரு தரம் அடித்தது.

"மூணு தடவ ஆழப்படுத்துனேனே" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"குழியெல்லாம் மூடிட்டுப் போங்க. ஆடு வந்து விழும்" என்றார் அந்த அம்மா.

நாங்கள் மூவரும் மண்டியிட்டுப் பதினோரு குழிகளையும் மூடினோம். பொறுமையிழந்து வந்த டிரைவரும் கடைசி இரண்டுக்கு உதவினார்.

நான்காவது நாள் எங்கே போகலாம் என்ற பேச்சே எழவில்லை. மாமனார் அன்று காலை ரயிலுக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டார். கடலின் மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

மாதம் ஒன்று கழித்து நாங்கள் அவர் ஊருக்குப் போனோம். ஓடை மணலில் ஆழமில்லாமல் தோண்டிப் பார்த்திருக்கிறார். மூன்று குழி வறண்டது. நான்காவதில் நாளுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊறியது. அதை அவரே போய்ச் சுமந்து வந்தார். மாமியார் அதில் காபி போட்டு எங்களுக்குக் கொடுத்தார்.

"இந்த ஒரு கொடம் தண்ணிக்கா ரயிலேறிப் போனிய?" என்று அவரைப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டு, தன் டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.